இயற்பியல் கரைப்பானால் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது எப்படி: முதற்கட்டக் கணக்கீட்டுக்கு ஒரு வழிகாட்டி

கோலி சோடா பாட்டிலின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, கோலி உள்ளே இறங்கும் கணத்தை ஒருமுறை நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். அதுவரை கண்ணாடிபோலத் தெளிந்து அசையாமல் இருந்த நீரில், அடியிலிருந்து கழுத்துவரை ஒரே சமயத்தில் குமிழிகள் கிளம்பிவிடும். நாம் அந்த நீரைச் சூடாக்கவில்லை, அதில் எதையும் சேர்க்கவும் இல்லை. கோலியை வாய்ப்பக்கம் தள்ளிப் பிடித்திருந்த வாயுவின் அழுத்தம் நீங்கியது, அதோடு நீருக்குள் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடும் வெளியே வந்தது. பாட்டிலை நிரப்பும்போது அழுத்தத்தால் உள்ளே போன வாயு, திறக்கும்போது அழுத்தம் போனதால் வெளியேறுகிறது. இயற்பியல் கரைப்பான்களைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ஆலைகளில் நடப்பதும் இதுவே. அங்கே பாட்டிலுக்குப் பதில் எஃகுக் கோபுரமும், நீருக்குப் பதில் அதைவிடப் பல மடங்கு கரைக்கக்கூடிய கரிமத் திரவமும் இருக்கும்.

வேதிப் பொறியியல் இறுதியாண்டு மாணவர்களையும், உர ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, இயற்கை எரிவாயு நிலையம் போன்ற இடங்களில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு வாயு ஓட்டத்தின் விவரம் கையில் கிடைத்தால், கணினியில் சிமுலேஷன் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, ஒரு தாளில் அரை மணி நேரத்தில் என்னென்ன முடிவுகளுக்கு வர முடியும் என்பதைக் காட்டுவதே நோக்கம். மென்பொருள் தரும் எண்ணை நம்பலாமா என்று தீர்மானிக்கும் திறன் இந்தத் தாள் கணக்கிலிருந்துதான் வருகிறது.

முதலில் பகுதி அழுத்தத்தைக் கணக்கிடுங்கள்

1803-இல் வில்லியம் ஹென்றி கண்டறிந்த விதியைப் பள்ளியிலேயே படித்திருப்போம்: மாறாத வெப்பநிலையில், ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அத்திரவத்துக்கு மேலே உள்ள அந்த வாயுவின் பகுதி அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அமீன் போன்ற வேதிக் கரைப்பான் கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்து அதைப் பிணைத்துக்கொள்வதால், பகுதி அழுத்தம் குறைவாக இருந்தாலும் கணிசமான அளவை இழுத்துக்கொள்ளும். ஆனால் அதன் மூலக்கூறுகள் அத்தனையும் வினைபுரிந்து முடிந்தபின், அழுத்தத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அதிகமாக ஏற்காது. இயற்பியல் கரைப்பானுக்கு அப்படிப்பட்ட பிடிப்பும் இல்லை, அப்படிப்பட்ட உச்சவரம்பும் இல்லை. அழுத்தம் இரட்டித்தால் கரைவதும் ஏறத்தாழ இரட்டிக்கும்; அழுத்தம் இல்லையென்றால் எதுவுமே கரையாது.

ஆகவே, தாளில் எழுத வேண்டிய முதல் எண், மொத்த அழுத்தத்தைக் கார்பன் டை ஆக்சைடின் மோல் பின்னத்தால் பெருக்கி வரும் தொகை. அது சுமார் 3.5 பாருக்குக் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) கீழே இருந்தால் வேதிக் கரைப்பானே பெரும்பாலும் பொருத்தமாக அமையும். 7 பாரைத் தாண்டினால் இயற்பியல் கரைப்பானை முதலில் பரிசீலிக்கலாம். இடைப்பட்ட பகுதியில் இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இந்த எல்லைகள் அனுபவத்தில் உருவானவை என்பதால், அவற்றைச் சட்டமாகக் கொள்ளாமல் திசைகாட்டியாகக் கொள்வது நல்லது.

நிலக்கரி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வாயுவில் 12 முதல் 15 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு இருக்கும். ஆனால் அது வளிமண்டல அழுத்தத்தில் வருவதால் பகுதி அழுத்தம் 0.15 பாரைக்கூடத் தாண்டாது. அதே நிலக்கரியை எரிக்காமல், அழுத்தத்தில் ஆக்சிஜனும் நீராவியும் செலுத்தி வாயுவாக்கி, அதிலுள்ள கார்பன் மோனாக்சைடை நீராவியுடன் வினைபுரிய வைத்து ஹைட்ரஜனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றினால், 30 முதல் 60 பார் அழுத்தத்தில் 30 முதல் 40 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு உள்ள வாயு கிடைக்கும். ஒரே நிலக்கரியிலிருந்து வரும் ஒரே கார்பன்தான். ஆனால் பகுதி அழுத்தம் நூறு மடங்கு அளவுக்கு வேறுபடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளை மதிப்பிட ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தேன். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் இயற்பியல் கரைப்பானைப் பயன்படுத்தும் ஆலையை ஒரு குழுவினர் வடிவமைத்திருந்தார்கள். ஆறு மாத உழைப்பு. கூட்டல் பெருக்கலில் பிழையே இல்லை. வரைபடங்கள் அத்தனை நேர்த்தி. ஆனால் சுற்றியாக வேண்டிய கரைப்பானின் அளவைப் பார்த்தால் ஓர் ஆறே ஓட வேண்டும்போல் இருந்தது. பகுதி அழுத்தத்தை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் அந்த ஆறு மாதமும் வீணாகியிருக்காது. இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்தப் பிள்ளைகளின் முகம்தான்.

புகைபோக்கிக்கு எது பொருந்தும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலை, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து 2016 முதல் தன் உற்பத்திக்கே பயன்படுத்தத் தொடங்கியது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது அமீன் வகையைச் சேர்ந்த வேதிக் கரைப்பான். அந்த வாயுவின் அழுத்தத்துக்கு அதுவே சரி. மாறாக, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷூட் கிரீக் நிலையத்துக்கு வரும் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 65 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. பூமிக்கடியிலிருந்து அழுத்தத்தோடு வருகிறது. அங்கே 1986 முதல் செலெக்சால் என்ற இயற்பியல் கரைப்பான் வேலை செய்கிறது. வடக்கு டகோட்டாவில் பியூலா நகருக்கு அருகே, நம் நெய்வேலியில் கிடைப்பதைப் போன்ற பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கும் கிரேட் பிளெயின்ஸ் ஆலை, மெத்தனாலைக் கரைப்பானாகக் கொண்ட ரெக்டிசால் முறையில் பிரித்தெடுக்கும் கார்பன் டை ஆக்சைடை 2000-ஆம் ஆண்டு முதல் சுமார் 330 கிலோமீட்டர் குழாய் வழியாகக் கனடாவின் வேய்பர்ன் எண்ணெய் வயலுக்கு அனுப்பிவருகிறது. இந்தியாவில் ஜாம்நகரிலும் அங்குலிலும் வாயுவாக்கும் ஆலைகள் இருக்கின்றன; 2030-க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது அரசின் இலக்கு. இந்தக் கணக்கு நம் பொறியாளர்களுக்குத் தேவைப்படப்போவது அப்படிப்பட்ட இடங்களில்தான்.

கரைதிறனை நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள்

கரைதிறன் எண்களைக் கையேட்டிலிருந்து எடுப்பதில் தவறில்லை. ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் ஒரே நாளில் அளந்து பார்க்க முடிகிற ஒன்றை வாழ்நாளில் ஒருமுறையாவது அளந்து பார்ப்பது, அந்த எண்ணின் பொருளை விரல்நுனிக்குக் கொண்டுவந்துவிடும்.

10 பார் தாங்கும் 300 மில்லிலிட்டர் எஃகுக் கலம், துல்லியமான அழுத்தமானி, காந்தக் கலக்கி, 25 டிகிரியில் நிறுத்தப்பட்ட நீர்த்தொட்டி ஆகியவை போதும். கலத்தில் 100 மில்லிலிட்டர் கரைப்பானை ஊற்றி, வெற்றிடப் பம்பால் காற்றையும் கரைப்பானுக்குள் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயுக்களையும் நீக்குங்கள். கலக்கியை நிறுத்திவைத்து, 5 பார் அழுத்தம் வரும்வரை கார்பன் டை ஆக்சைடை விரைவாகச் செலுத்தி, வால்வை மூடுங்கள். மீதமுள்ள 200 மில்லிலிட்டர் இடத்தில் இப்போது சுமார் 0.040 மோல் வாயு இருக்கும். கலக்கியை ஓட விட்டதும் அழுத்தமானியின் முள் இறங்கத் தொடங்கும்; முதல் சில நிமிடங்களில் வேகமாகவும் பிறகு மெல்லவும் இறங்கி, ஓரிடத்தில் நிற்கும். நின்றுவிட்டது என்று முடிவுகட்டும் முன் இன்னும் அரை மணி நேரம் காத்திருங்கள்.

உள்ளே இருப்பது செலெக்சாலின் அடிப்படையான பாலிஎத்திலீன் கிளைக்கால் டைமெத்தில் ஈதர் என்றால், முள் 1.75 பாருக்கு அருகில் வந்து நிற்க வேண்டும். நீராக இருந்தால் 3.5 பாரிலேயே நின்றுவிடும். குறைந்துபோன அழுத்தம் எத்தனை மோல் வாயுவுக்குச் சமம் என்று கண்டு, அதைக் கரைப்பானின் பருமனாலும் இறுதி அழுத்தத்தாலும் வகுத்தால் கரைதிறன் கிடைக்கும்: ஈதருக்கு ஒரு பார் பகுதி அழுத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.15 மோல், நீருக்கு 0.034 மோல். நாலரை மடங்கு வேறுபாடு. கலத்தை 5 டிகிரி நீரில் வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தால், முள் இன்னும் கீழே போவதைக் காணலாம்.

எந்தக் கரைப்பான்

மிகப் பழைய இயற்பியல் கரைப்பான் நீர். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொடங்கிய முதல் அம்மோனியா ஆலையில், ஏறத்தாழ 25 பார் அழுத்தத்தில் நீரால் கழுவித்தான் கார்பன் டை ஆக்சைடை நீக்கினார்கள். நீர் இன்றும் வழக்கொழியவில்லை. சாண எரிவாயுவையும் கழிவு எரிவாயுவையும் அழுத்தி நீரால் கழுவி மீத்தேனைத் தூய்மையாக்குகிறார்கள், கிராமப்புறங்களுக்கு ஏற்ற அத்தகைய முறையை ஐ.ஐ.டி. தில்லியும் உருவாக்கியிருக்கிறது. மலிவு, நச்சு இல்லை, தீப்பிடிக்காது என்பவை நீரின் பலம். சுற்ற வேண்டிய அளவு மிகுதி என்பது அதன் பலவீனம்.

பெரிய ஆலைகளில் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ரெக்டிசாலில் பயன்படுவது மெத்தனால். தென்னாப்பிரிக்காவின் சசோல்பர்க்கில் 1955-இல் பெரிய அளவில் தொடங்கியது. மெத்தனாலின் பாகுநிலை மிகக் குறைவு, குளிரக் குளிர அதன் கரைதிறன் வெகுவாக ஏறும். ஆனால் 25 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் 125 மில்லிமீட்டர் பாதரசம் என்பதால், சாதாரண வெப்பநிலையில் பயன்படுத்தினால் வாயுவோடு சேர்ந்து கரைப்பானும் பறந்துவிடும். அதனால்தான் நீரின் உறைநிலைக்குக் கீழே 40 முதல் 60 டிகிரி வரை குளிர்வித்து இயக்குகிறார்கள். அந்தக் குளிர்சாதன அமைப்பின் செலவைத் தாங்கக்கூடிய பெரிய ஆலைகளுக்கும், கந்தகத்தை மிக நுண்ணிய அளவுக்குக் குறைத்தே ஆக வேண்டிய இடங்களுக்கும் அது ஏற்றது.

செலெக்சாலின் ஆவியழுத்தம் 25 டிகிரியில் 0.00073 மில்லிமீட்டர் மட்டுமே; ஆவியாகி இழப்பது ஏறக்குறைய இல்லை. அது நிலையானது, அரிப்பை ஏற்படுத்தாதது, சாதாரணக் கார்பன் எஃகிலேயே பெரும்பாலான கருவிகளைக் கட்டலாம். ஆனால் அதன் பாகுநிலை 5.8 சென்டிபாய்ஸ், அதாவது நீரைப்போல ஆறு மடங்குக்கு மேல். திரவத்துக்குள் வாயு பரவுவது மெதுவாவதால் கோபுரத்தில் பேக்கிங்கின், அதாவது வாயுவும் திரவமும் ஒன்றையொன்று தொடுவதற்காக உள்ளே நிரப்பும் அடுக்கின், உயரம் கூடும். குளிர்வித்தால் இந்தக் குறை இன்னும் பெரிதாகும்.

1960-இல் டெக்சாஸில் முதல் ஆலை கண்ட ஃபுளுவர் முறையில் பயன்படுவது புரொப்பிலீன் கார்பனேட். அது ஹைட்ரஜனையும் மீத்தேனையும் செலெக்சாலைவிடக் குறைவாகவே கரைப்பதால் அந்த விலையுயர்ந்த வாயுக்களின் இழப்பு குறையும். நீருடன் சேர்ந்து சூடானால் சிதைவது அதன் குறை. 65 டிகிரிக்கு மேல் அதைக் கொண்டுபோகக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லாத, கார்பன் டை ஆக்சைடு மட்டும் நிறைந்த வாயுவுக்கு அது நல்ல தேர்வு. பியூரிசால் முறையில் பயன்படும் என்-மெத்தில் பிர்ரோலிடோனுக்குப் பாகுநிலை குறைவு, ஹைட்ரஜன் சல்ஃபைடின் மேல் ஈர்ப்பு அதிகம். ஆனால் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும் பொருள் என்று அது வகைப்படுத்தப்பட்டிருப்பதால், புதிய ஆலைக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

25 டிகிரியில், ஒரு பார் பகுதி அழுத்தத்தில், ஒரு லிட்டர் கரைப்பான் கரைக்கும் கார்பன் டை ஆக்சைடின் அளவில் செலெக்சால், புரொப்பிலீன் கார்பனேட், பிர்ரோலிடோன் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, மூன்றும் 3.4 முதல் 3.6 லிட்டர் என்ற வரம்புக்குள் அடங்கிவிடும். எனவே அந்த ஓர் எண்ணை மட்டும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆவியழுத்தம், பாகுநிலை, மற்ற வாயுக்களை எவ்வளவு கரைக்கிறது, நீரைக் கண்டால் என்ன ஆகிறது என்பவைதான் தீர்மானிக்கும்.

எவ்வளவு கரைப்பான் சுற்ற வேண்டும்

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் செய்து பார்ப்போம். மணிக்கு 1,000 கிலோமோல் வாயு, 40 பார் அழுத்தம், அதில் 40 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு, 57 விழுக்காடு ஹைட்ரஜன், மீதி பிற வாயுக்கள். கார்பன் டை ஆக்சைடில் 90 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். அதாவது மணிக்கு 360 கிலோமோல், டன் கணக்கில் 15.8.

வாயு கோபுரத்தின் அடியில் நுழைந்து மேலேறும், கரைப்பான் மேலிருந்து இறங்கும். வாயு உள்ளே வரும் இடத்தில் பகுதி அழுத்தம் 16 பார். செலெக்சாலின் கரைதிறன் கன மீட்டருக்கு, ஒரு பாருக்கு 0.15 கிலோமோல் என்றால், சமநிலையில் கன மீட்டருக்கு 2.4 கிலோமோல் கரையும். கோபுரம் முடிவில்லாத உயரம் கொண்டதல்ல என்பதால் சமநிலையின் 80 விழுக்காட்டையே எட்டுவோம் என்று கொள்ளுங்கள். அடியில் வெளியேறும் கரைப்பானில், ஆலையில் ரிச் சால்வென்ட் என்று சொல்வார்களே, அதில் 1.92 கிலோமோல் இருக்கும். கடைசியில் அழுத்தத்தை 1 பாருக்கு விட்டபின் மேலே திரும்பி வரும் லீன் சால்வென்ட்டில் 0.15 கிலோமோல் தங்கியிருக்கும். ஆக, ஒரு சுற்றில் ஒரு கன மீட்டர் தூக்கிச் செல்வது 1.77 கிலோமோல். 360-ஐ 1.77-ஆல் வகுத்தால், சுற்ற வேண்டியது மணிக்கு 203 கன மீட்டர்.

இங்கே ஒரு சரிபார்ப்பு அவசியம். மேலே வெளியேறும் வாயுவில் 640 கிலோமோலுக்கு 40 கிலோமோல் கார்பன் டை ஆக்சைடு மிஞ்சுகிறது. அதன் பகுதி அழுத்தம் 2.5 பார். லீன் சால்வென்ட்டின் சமநிலை அழுத்தம் 1 பார். வாயுப் பக்கம் கூடுதலாக இருப்பதால், கோபுரத்தின் உச்சியிலும் வாயு திரவத்துக்குள் போவதற்கான உந்துதல் இருக்கிறது. 90-க்குப் பதில் 98 விழுக்காடு வேண்டும் என்று யாராவது கேட்டால், மேலே பகுதி அழுத்தம் 0.5 பாருக்கு வந்துவிடும்; அப்போது 1 பாரில் விடுவித்த கரைப்பானால் அந்த வேலையைச் செய்யவே முடியாது. வெற்றிடத்தில் விடுவிக்கவோ, நைட்ரஜனால் ஊதி விரட்டவோ வேண்டியிருக்கும். பல வடிவமைப்புகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்: கீழ்ப்பக்கத்தைக் கணக்கிட்டுவிட்டு மேல்பக்கத்தை மறந்துவிடுவது.

இதே 360 கிலோமோலைப் புகைபோக்கியிலிருந்து எடுக்க முயன்றால் என்ன ஆகும்? பகுதி அழுத்தம் 0.13 பார், கரைவது கன மீட்டருக்கு 0.02 கிலோமோலுக்கும் குறைவு. 80 விழுக்காடு எட்டி, லீன் சால்வென்ட்டில் தங்குவதைக் கழித்தால், சுற்ற வேண்டியது மணிக்கு 24,000 கன மீட்டருக்கு மேல். அந்த லீன் சால்வென்ட்டைத் தயாரிக்க நூறில் ஒரு பார் என்ற அளவுக்கு வெற்றிடம் வேண்டும். 203 எங்கே, 24,000 எங்கே.

இனி வெப்பநிலை. கார்பன் டை ஆக்சைடு கரையும்போது மோலுக்கு சுமார் 15 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். கன மீட்டருக்கு 1.77 கிலோமோல் கரைந்தால், கரைப்பான் கோபுரத்தின் மேலிருந்து அடிக்கு வருவதற்குள் 12 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகச் சூடேறும். கரைதிறன் மிக அதிகமாகத் தேவைப்படும் அடிப்பகுதியில்தான் கரைப்பான் மிக வெப்பமாக இருக்கும் என்பதால், 25 டிகிரிக் கணக்கை அப்படியே நம்பாமல், கரைப்பானைக் குளிர்வித்து மேலே அனுப்புவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 25-இலிருந்து 5 டிகிரிக்கு இறக்கினால் கரைதிறன் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். சுற்றும் அளவு மூன்றில் ஒரு பங்கு குறையும். அதற்கு ஈடாகக் குளிர்சாதனக் கம்ப்ரசரின் மின்சாரமும் கூடிய பாகுநிலையும் வந்து சேரும். இரண்டையும் கணக்கிட்டுத்தான் வெப்பநிலையை முடிவுசெய்ய வேண்டும்.

கோபுரத்தின் விட்டத்தைத் தீர்மானிப்பது இங்கே வாயுவைவிடத் திரவமே. 40 பாரில் அந்த வாயு மணிக்கு 630 கன மீட்டராகச் சுருங்கிவிடும். அதன் ஊடாக 203 கன மீட்டர் திரவம் இறங்குகிறது. சதுர மீட்டருக்கு மணிக்கு 70 கன மீட்டர் திரவம் என்று எடுத்துக்கொண்டால், குறுக்குப் பரப்பு 2.9 சதுர மீட்டர், விட்டம் 1.9 மீட்டர். உயரத்தை இந்தக் கட்டத்தில் மதிப்பிட முனையாதீர்கள். அது பேக்கிங் தயாரிப்பாளரின் தரவு கைக்கு வந்தபின் செய்ய வேண்டிய வேலை.

பம்பின் மின்சாரத்தையும் பார்த்துவிடலாம். 203 கன மீட்டரை 42 பார் உயர்த்த, 70 விழுக்காடு திறனில், சுமார் 340 கிலோவாட். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 21 கிலோவாட் மணி, அதாவது 0.08 கிகாஜூலைவிடக் குறைவு. வழக்கமான மோனோஎத்தனால் அமீன் கரைப்பானைக் கொதிக்கவைத்து மீட்க ஒரு டன்னுக்கு 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் தேவை. இயற்பியல் கரைப்பானுக்குக் குளிரூட்டலும், அடுத்த பகுதியில் வரும் மறுசுழற்சிக் கம்ப்ரசரும் தனிச் செலவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும், கரைப்பானைக் கொதிக்கவைக்கும் ரீபாய்லருக்கு நீராவி கொடுக்கத் தேவையில்லாத இந்த வசதியே அழுத்தமுள்ள இடங்களில் இதன் பக்கம் தராசைச் சாய்க்கிறது.

அழுத்தத்தை எங்கே, எத்தனை படிகளில் விடுவது

கரைப்பானைச் சுற்றவிடுவதைவிடச் சாமர்த்தியம் தேவைப்படுவது அதிலிருந்து வாயுவை விடுவிப்பதில். 40 பாரிலிருந்து நேராக 1 பாருக்கு விட்டால் இரண்டு நட்டங்கள். முதலாவது, கார்பன் டை ஆக்சைடோடு ஹைட்ரஜனும் போய்விடும். செலெக்சாலில் ஹைட்ரஜனின் கரைதிறன் கார்பன் டை ஆக்சைடின் கரைதிறனில் 0.013 பங்குதான் என்றாலும், அதன் பகுதி அழுத்தம் 22.8 பார், கணக்கிட்டால் மணிக்கு 9 கிலோமோல், உள்ளே வந்த ஹைட்ரஜனில் 1.6 விழுக்காடு கரைப்பானோடு கீழே வந்துவிடுகிறது. இரண்டாவது, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் 1 பாரிலிருந்து குழாய் அழுத்தத்துக்கு, அதாவது 110 பார் அளவுக்கு, ஏற்ற வேண்டியிருக்கும்.

எனவே, அழுத்தத்தைக் குறைத்து வாயுவைப் பிரிக்கும் கலங்களான ஃபிளாஷ் டிரம்களில் முதலாவதை 18 பாரில் வையுங்கள். அங்கே ஹைட்ரஜனில் முக்கால் பங்கு வெளியேறிவிடும். கூடவே மணிக்கு 15 கிலோமோல் கார்பன் டை ஆக்சைடும் வரும். அந்த 22 கிலோமோல் வாயுவை ஒரு சிறிய கம்ப்ரசரால் 40 பாருக்கு ஏற்றி, மீண்டும் கோபுரத்தின் அடிக்கே அனுப்பிவிடலாம். இந்த டிரம்மின் அழுத்தத்தை இன்னும் இறக்கினால் ஹைட்ரஜன் மீட்பு கூடும், ஆனால் மறுசுழற்சியில் கார்பன் டை ஆக்சைடு பெருகிக்கொண்டே போகும். 12 பாருக்குக் கீழே போனால் உங்கள் விளைபொருளையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது டிரம்மை 5 பாரிலும் மூன்றாவதை 1 பாரிலும் வைத்தால், பிடித்த கார்பன் டை ஆக்சைடில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு 5 பாரிலேயே கிடைத்துவிடும். 5-இலிருந்து 110 பாருக்கு ஏற்ற ஆகும் வேலை, 1-இலிருந்து ஏற்றுவதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு கூடுதல் டிரம்முக்கு ஆகும் எஃகின் விலையோடு ஒப்பிட்டால் இது மிக மலிவாகக் கிடைக்கும் சேமிப்பு. வாயு வெளியேறும்போது கரைப்பான் குளிர்வதும் ஒரு நன்மை: கோபுரத்தில் ஏறிய வெப்பத்தின் பெரும்பகுதியை அது இங்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஹைட்ரஜன் சல்ஃபைடும் நீரும்

உங்கள் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் மேலே வரைந்த எளிய அமைப்பு போதாது. செலெக்சால் அதைக் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 9 மடங்கு கரைக்கும். எல்லாவற்றையும் ஒரே கோபுரத்தில் பிடித்தால், நிலத்தடியில் புதைக்க அனுப்பும் கார்பன் டை ஆக்சைடில் நச்சு வாயு கலந்துவிடும். இந்த 9 மடங்கு வேறுபாட்டையே ஆயுதமாக்கி இரண்டு கோபுரங்களாகப் பிரிக்க வேண்டும்: முதல் கோபுரத்தில், இரண்டாவதிலிருந்து வரும், ஏற்கெனவே கார்பன் டை ஆக்சைடால் நிறைந்த கரைப்பானில் ஒரு சிறு பகுதியை மட்டும் இறக்குங்கள். அதில் கார்பன் டை ஆக்சைடுக்கு இடமில்லாததால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடை மட்டும் வாங்கிக்கொண்டு கீழே போகும். அந்தக் கரைப்பானை மட்டும் தனியே சூடாக்கி மீட்க வேண்டும். இங்கே ரீபாய்லரைத் தவிர்க்க முடியாது.

இதைவிட மெதுவாக, சத்தமில்லாமல் வரும் தொல்லை நீர். செலெக்சால் நீரோடு முழுமையாகக் கலக்கும். ஈரமான வாயு உள்ளே வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நீர் கரைப்பானில் சேரும், அழுத்தத்தைக் குறைப்பதால் மட்டும் அது வெளியேறாது. நான் பணியாற்றிய ஓர் ஆலையில் பிடிப்பு விழுக்காடு மூன்று மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. பேக்கிங் அடைத்துவிட்டதா, பம்பு தேய்ந்துவிட்டதா என்று எல்லாரும் தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஆய்வகத்தில் கரைப்பானின் நீர் அளவைப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. உள்ளே வரும் வாயுவைக் குளிர்விக்கும் கருவி சரியாக வேலை செய்யாமல் ஈரம் உள்ளே வந்துகொண்டிருந்தது. வாரம் ஒருமுறை ஒரு சிறு மாதிரி எடுத்துக் கார்ல் ஃபிஷர் முறையில் நீரை அளந்திருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். இதை இயக்க நடைமுறையில் முதல் நாளிலிருந்தே எழுதிவையுங்கள். இயற்கை எரிவாயு என்றால், கனமான ஹைட்ரோகார்பன்களும் கரைப்பானில் இதேபோல் குவியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இயக்கத் தொடங்கும் முன்

முதல் வடிவமைப்புத் தாளிலேயே மூன்று வால்வுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுங்கள். கோபுரத்தின் அடியிலிருந்து முதல் டிரம்முக்கும், அங்கிருந்து இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கரைப்பானை விடும் மட்டக் கட்டுப்பாட்டு வால்வுகள் அவை. கோபுரத்தின் அடியில் திரவ மட்டம் தீர்ந்துபோய் வால்வு திறந்தே இருந்தால், 40 பார் வாயு நேராக 18 பார் டிரம்முக்குள் பாயும். ஒவ்வொரு டிரம்மின் பாதுகாப்பு வால்வும் சாதாரண ஓட்டத்துக்கு மட்டுமல்லாமல் இந்தப் பாய்ச்சலுக்கும் ஈடுகொடுக்கும் அளவில் இருக்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் பள்ளங்களிலும் குழிகளிலும் தேங்கும். 2020 பிப்ரவரியில் மிசிசிப்பி மாநிலத்தின் சட்டார்ஷியா அருகே கார்பன் டை ஆக்சைடு கொண்டுசென்ற குழாய் உடைந்தபோது, ஊர்மக்கள் மூச்சுத் திணறி 45 பேர் மருத்துவமனை செல்ல நேர்ந்தது. ஆக்சிஜன் இல்லாமல் வண்டிகளின் என்ஜின்களே நின்றுபோயின. எட்டு மணி நேரப் பணிக்கு அனுமதிக்கப்படும் அளவு காற்றில் 0.5 விழுக்காடு, 4 விழுக்காடு உடனடி உயிராபத்து. எனவே கண்டறியும் கருவிகளைத் தலைமட்டத்தில் மாட்டாமல் முழங்கால் உயரத்துக்குக் கீழே மாட்டுங்கள். பம்புக் குழிகளிலும் கேபிள் பள்ளங்களிலும் தனித்தனியாக வையுங்கள். ஹைட்ரஜன் கசிவுக்கான கருவிகளை மட்டும் கூரையை ஒட்டி மேலே பொருத்துங்கள். பராமரிப்புக்காக டிரம்மைத் திறக்கும் நாளில், அழுத்தமானி சுழியைக் காட்டுகிறது என்பதற்காக யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அடியில் தேங்கியிருக்கும் கரைப்பானில் அந்தச் சோடா இன்னும் முழுமையாக அடங்கியிருக்காது. கரைப்பானை முற்றிலும் வடித்து, நைட்ரஜனால் கழுவி, பிறகு காற்றை ஊதி, ஆக்சிஜன் அளவையும் கார்பன் டை ஆக்சைடு அளவையும் டிரம்மின் அடியில் அளந்து எழுதிய பின்னரே உள்நுழைவுச் சீட்டில் கையெழுத்திடுங்கள்.